என்ன நோய் என்று கேட்டார்

மேற்பார்வையாளர் அந்தக் கேள்வியைக் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. சுழற்சி முறையில் வரும் இரவுப் பணியிலிருந்து ஒருவருக்கு மட்டும் விலக்கு அளித்தால், மற்றவர்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால், "என்ன நோய் என்று எனக்காவது சொல்லுங்கள், மேடம்" என்றார். "மருத்துவக் காரணம். சான்றைப் பார்த்துவிட்டேன், அதற்குமேல் சொல்ல இயலாது" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

சட்டப்படி எனக்கு வேறு பதில் இல்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவர் நம்பிச் சொன்ன தொற்று நிலையை அவருடைய இசைவின்றி வெளியிடக் கூடாது என்கிறது. அதே சட்டம், தொற்றுள்ளவர் தொடர்ந்து வேலை செய்ய ஏதுவாகப் பணியில் சிறு மாற்றங்கள் செய்து தருவதைப் பற்றியும் பேசுகிறது. இரண்டுமே நியாயமானவை, ஆனால் செய்து தரும் மாற்றம் எல்லோர் கண்ணிலும் படும், காரணம் மட்டும் படாது. அந்த இடைவெளியை ஊகம் நிரப்பிக்கொள்கிறது.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை நாள் தவறாமல், குறித்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஊழியர் இரவுப் பணியிலிருந்து விலக்குக் கேட்டு என்னிடம் வந்தார். அவருடைய இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. அப்படிக் குறையாதிருந்தாலும்கூட, அருகில் அமர்ந்து வேலை செய்வதாலோ ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ எவருக்கும் தொற்று வராது. இதைச் சொல்லி மேற்பார்வையாளரின் அச்சத்தைப் போக்கலாம் என்றால், அப்படிச் சொல்வதே நோயைச் சொல்வதாகிவிடும்.

சில வாரங்கள் கழித்து அந்த ஊழியர் என்னிடம், "சர்க்கரை என்று சொல்லியிருக்கலாமே, மேடம். பெயர் சொல்லக்கூடிய நோயாக இருந்தால் நீங்கள் மறைத்திருக்க மாட்டீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும்" என்றார். பணிக் கோப்பில் பொய்யை எழுத மாட்டேன் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை. முதுகுவலி, டெங்கு, குடலிறக்கம் என்று மற்றவர்களின் விடுப்புக் காரணங்கள் வெளிப்படையாகப் புழங்கும் அலுவலகத்தில், ஒருவருக்காக மட்டும் காக்கப்படும் மௌனம் அவரைத்தான் சுட்டிக்காட்டும். அதன் பிறகு எவருடைய விடுப்புப் படிவத்திலும் நோயின் பெயரை எழுத வேண்டாம் என்று மாற்றினேன். இனி வருபவர்களுக்கு அது பயன்படலாம், அவருக்குப் பயன்படவில்லை.

குழுவினரிடம் தானே சொல்லிவிடலாமா என்று இப்போது கேட்கிறார். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று பதிலளித்தேன். வேண்டாம் என்றே சொல்லிவிடவும் மனம் உந்துகிறது. அந்த அறிவுரை அவருடைய உரிமையைக் காக்கவா, அலுவலகத்தின் அமைதியைக் காக்கவா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.