நெட்வொர்க் நேர்காணலுக்குப் படிப்பவர்களுக்கு: லீஸ்டு லைன் கட்டணக் கணக்கு

நெட்வொர்க் வேலைக்காக நான் படித்த நாட்களில், சப்நெட் கணக்குக்கு (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கு) ஒதுக்கிய நேரத்தில் ஒரு பகுதியை லீஸ்டு லைன் (ஒரு நிறுவனம் தனக்கென்று வாடகைக்கு எடுக்கும் இணைப்பு) கட்டணக் கணக்குக்கும் கொடுத்தது நேர்காணலில் நன்றாகக் கைகொடுத்தது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்திலிருந்து இப்போது தயாராகிவரும் தம்பி தங்கைகளும் இதைத் தள்ளிப்போடாமல் படிக்க வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய ஷிப்பிங் அலுவலகம் ஒன்றில் சேர்ந்தால், இந்த பில்லைச் சரிபார்க்கும் பொறுப்பு உங்களிடமே வந்து சேரலாம்.

ரூட்டர் போர்ட் வழியே போகும் பைட்டுகளை எண்ணும் கவுண்டரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்து, இடையில் கூடிய பைட்டுகளை 8ஆல் பெருக்கி பிட்டாக்கி, 300 நொடியால் வகுத்தால், அந்த 5 நிமிடத்தின் சராசரி வேகம் கிடைக்கும். 30 நாள் மாதத்தில் இப்படி 8,640 அளவீடுகள் சேரும். அவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலுள்ள 5 சதவீதத்தை, அதாவது 432 அளவீடுகளை நீக்கிவிட்டு, அடுத்து நிற்கும் 433ஆவதை வைத்து பில் போடுவதே 95ஆவது பர்சென்டைல் முறை.

வாய்பாடாக மனப்பாடம் செய்யாமல், 20 எண்களை எழுதிக் கையால் போட்டுப் பாருங்கள். பதினெட்டு அளவீடுகள் நொடிக்கு 10 மெகாபிட், ஒன்று 22, ஒன்று 90 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 14.6; உச்சத்தில் 95 சதவீதம் 85.5, இரண்டுமே விடையல்ல. 90 நீங்கிவிடுவதால் விடை 22. ஒப்பந்த அளவு 15 மெகாபிட் என்றால் மீதி 7 மெகாபிட்டுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. ஒப்பந்த அளவுக்கும் குறைவாகப் பயன்படுத்தினாலும் அந்த 15க்கான தொகையைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

நீக்கப்படும் 432 அளவீடுகள் மொத்தம் 36 மணி நேரம், நாளொன்றுக்கு 72 நிமிடம். ஆகவே தினமும் 70 நிமிடம் ஓடும் இரவு பேக்கப், அந்த மாதத்தில் வேறு பெரிய உச்சம் எதுவும் இல்லாவிட்டால், பில்லில் தெரியாது. அதே பேக்கப் 75 நிமிடமாக நீண்டால் முழு வேகமும் பில்லில் ஏறிவிடும். என் கருத்தில், இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

உள்வரும், வெளிச்செல்லும் டிராஃபிக்கைத் தனித்தனியே கணக்கிட்டுப் பெரியதை எடுப்பது பரவலான வழக்கம். ஆயினும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முடிவு. கவுண்டரைப் பற்றியும் கேட்பார்கள்: 32 பிட் கவுண்டர், நொடிக்கு 1 கிகாபிட் ஓடும் இணைப்பில் ஏறத்தாழ 34 நொடியில் நிரம்பிப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடுவதால், 5 நிமிடத்தில் அது எத்தனை முறை சுற்றியது என்று கண்டுபிடிக்க வழியில்லை, அங்கே 64 பிட் கவுண்டரைத்தான் படிக்க வேண்டும்.