தண்ணிக் கழிவு

எஸ்டேட்டில் எடை போடுபவன் நான்; அந்த 2 கிலோவைக் கழித்தது சரிதான் என்று இன்றைக்கும் வாதாடுவேன். ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கொழுந்து சொட்டச் சொட்டத்தான் வரும். நாலரை கிலோ பச்சைக் கொழுந்து போட்டால் ஒரு கிலோ தூள் தேறும். மேலே ஒட்டிய தண்ணீரையும் எடையில் சேர்த்தால் ஃபாக்டரியில் என்னைத்தான் பிடிப்பார்கள். அதனால் மழை நாளில் சாக்குக்கு 2 கிலோ கழிவு, எல்லாருக்கும் ஒரே கணக்கு.

ஆனால் கொழுந்து பறிக்கும் அந்த அக்கா உதறி உதறித்தான் சாக்கில் போடுவார். அன்று உள்ளே கை விட்டுப் பார்த்தேன். விரலில் லேசான பிசுபிசுப்பு, அவ்வளவுதான். தராசு 18 காட்டியது, 16 என்று எழுதினேன். நோட்டை எட்டிப் பார்த்தவர், "சரிங்க சார், கழிச்சுக்கோங்க. நாளைக்கு ஜெபக்கூட்டம் எங்க வீட்லதான், மறக்காம வந்துருங்க" என்றார்.

குத்தலா? குரலில் அப்படித் தெரியவில்லை. மன்னிப்பா? மன்னிக்கும்படி நான் என்ன செய்துவிட்டேன்?

ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பவன் நான். நீதிமொழிகள் 11:1 எனக்குத் தெரியாததா, கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது. தராசு சரியாகத்தான் காட்டியது, எழுதிய கைதான் என்னுடையது. அவருக்கு மட்டும் விட்டுக்கொடுத்தால் 'சர்ச் ஆளுக்குச் சலுகை' என்று பின்னால் நின்றவர்கள் பேசியிருப்பார்கள். நியாயம்தானே? ஆனால் உதறிப் போடும் மற்றவர்களுக்கும் கழித்தேன்; அவர்களில் சர்ச் பக்கமே வராதவர்கள் உண்டு. அப்புறம் எந்தச் சலுகைக்குப் பயந்தேன்?

ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். அக்காவுடையது, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். லைன் வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அக்கா மழைக்கு நன்றி சொன்னார், வேலைக்கு நன்றி சொன்னார். "எடை போடுற சாரோட புள்ளைங்களையும் ஆசீர்வதியும் ஆண்டவரே" என்றார். ஆமென் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

சாக்கைப் பார்த்துக் கழிக்கலாமா என்று எஸ்டேட் மேனேஜர் துரையிடம் கேட்டேன். ஆளுக்கொரு கணக்கு வைத்தால் தினமும் தகராறுதான் என்றார். அதுவும் உண்மைதான். இந்த வருஷ மழைக்கும் 2 கிலோதான். சாக்குக்குள் கை விடுவதை நிறுத்திவிட்டேன்.

உதறாமல் போட்டாலும் அதே கழிவுதானே அக்கா என்று அவரிடம் சொல்லியும் பார்த்தேன். "தெரியும் சார்" என்றார்.