எந்தக் கால்?

பள்ளிக்கூட மலருக்குக் கட்டுரை கேட்டபோது பிக் மச்சை, அதாவது பள்ளிக்கூடங்கள் மோதும் வருடாந்தக் கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் விடுதித் தவக்காலத்தை, உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின அந்த நோன்பு நாட்களை எழுதுகிறேன்.

1979. நான் ஒன்பதாம் வகுப்பு. போன வருடக் குருத்தோலைகளைச் சேர்த்து எரிப்பது எங்கள் வேலை. அந்தச் சாம்பல்தான் விபூதிப் புதனன்று நெற்றியில் ஏறும். பிறகு வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, 14 நிலைகளுக்கும் முழங்கால். சுத்தபோசனமும் உண்டு. இறைச்சி கூடாது, மீன் கூடும். யாழ்ப்பாணத்தில் குருநகர் மீனை வைத்துக்கொண்டு அதை ஒறுத்தல் என்றால் கடவுளே சிரிப்பார்.

உண்மையான கஷ்டம் விசுவாசிகள் மன்றாட்டில், பூசையில் பிறருக்காகச் சொல்லும் வேண்டுதல்களில் இருந்தது. ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பூசைக்குள் திரும்பக் கொண்டுவரச் சொன்ன பழைய வழக்கம் அது. திருச்சபைக்கு, ஆள்வோருக்கு, துன்பப்படுவோருக்கு, ஊராருக்கு என்று ஒழுங்கு. தவக்காலத்தில் மூன்றாவதை எங்கள் விடுதிச் சுவாமி (பாதிரியார்) மாணவரிடம் விட்டுவிடுவார். முறை வைத்து எழுத வேண்டும்.

என் முறைக்கு, "உலகெங்கும் துன்புறும் மக்கள் அனைவருக்காகவும்" என்று முத்து முத்தாக எழுதிக்கொண்டு போனேன். சுவாமி வாசித்தார். "இதிலை ஒருத்தரையாவது உனக்குத் தெரியுமோ? ஆரிட்டையாவது கேட்டுக்கொண்டு வா."

பசி வேறு. கால் தானாகக் குசினிக்குப் போனது. சமையல்காரரை ஐயா என்போம், முகத்துக்கு முன்னால் மட்டும். பின்னால் வைத்த பட்டத்தை இங்கே எழுத முடியாது. சோறு குழைந்தால் கோப்பையில் கரண்டியால் தாளம் போடுவோம். அவர் வாங்கில் இருந்து, சாரத்தை முழங்கால் வரை உயர்த்தி, நல்லெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு முடிச்சு முடிச்சாகக் கிடந்தன.

"ஐயா, உங்களுக்காக என்ன மன்றாட?"

பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார். "நான் சைவமெல்லோ தம்பி, பரவாயில்லையோ?" என்றார். எண்ணெய்ப் போத்தலை மூடிவிட்டு, "காலுக்குக் கேளும். விடிய நாலு மணிக்கு அடுப்படியிலை நிண்டா, இரவுதான் இருக்கிறன்" என்றார்.

"சமையல் ஐயாவின் கால் நோவுக்காக" என்று எழுதிக் கொண்டுபோனேன். சுவாமி கேட்டது ஒன்றுதான்.

"எந்தக் கால்?"

முன்னால் நின்று பார்த்தவன் நான். தெரியவில்லை. திரும்ப ஓடினேன். இடது கால்.

மாலைப் பூசையில் அதை வாசித்தபோது பின் வாங்கில் யாரோ கிளுக்கென்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கிழமையும் சோறு குழைந்தது, தாளமும் கேட்டது. எல்லோரும் திருந்திவிட்டோம் என்று புளுக மாட்டேன். நானும் கரண்டியை எடுத்தேன், அப்புறம் வைத்துவிட்டேன். சோற்றுக் கிடாரத்தை இறக்க நானும் ஒரு நண்பனும் குசினிக்குப் போகத் தொடங்கினோம். உயிர்த்த ஞாயிறு வரை போனோம். பிறகு சோதனை வந்தது, விட்டுவிட்டோம்.

இங்கே ரொறன்ரோவில் மன்றாட்டு அச்சடித்த தாளில் வருகிறது. போன தவக்காலத்தில் வாசிக்கிற முறை எனக்கு. "நோயுற்றோர் அனைவருக்காகவும்" என்ற வரியில் கொஞ்சம் தடக்கிவிட்டேன். மூன்றாவது வாங்கில் கைத்தடியோடு ஒரு அம்மா இருந்தார். எத்தனையோ மாதமாகக் காண்கிற முகம். பூசை முடிந்ததும் கிட்டப் போய்க் கேட்டேன்.

வலது முழங்காலாம்.