ஹோல்டனை எதற்காக நீக்கினார்கள்

அமெரிக்காவில் பதவிநீக்க விசாரணை நடத்தி முதன்முதலில் வெளியேற்றப்பட்ட ஆளுநர், வட கரோலினாவின் வில்லியம் ஹோல்டன். கஜானாவில் கை வைத்ததற்காக அல்ல, கறுப்பினத்தவரையும் அவர்களுக்கு ஆதரவானவர்களையும் தாக்கிய வெள்ளையின வெறி ரகசிய அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானை அடக்கப் படை அனுப்பியதற்காக. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

அச்சுக்கூடத்தில் வேலை கற்றுப் பத்திரிகை ஆசிரியரானவர். 1861-இல் வட கரோலினா அமெரிக்காவிலிருந்து பிரிவதாக அறிவித்த தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவரும் இவர்தான். இரண்டே வருடத்தில் உள்நாட்டுப் போர் போதும், சமாதானம் பேசுங்கள் என்று எழுதப்போய், ஜார்ஜியா சிப்பாய்கள் புகுந்து அவருடைய அலுவலகத்தை நாசமாக்கினார்கள். போர் முடிந்ததும், 1865 மே மாதம், ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் இவரைத் தற்காலிக ஆளுநராக நியமித்தார். அந்த வருடமே தேர்தலில் தோற்றார். கறுப்பின ஆண்களுக்கும் ஓட்டு கிடைத்த 1868-இல்தான் ஜெயித்து வந்தார்.

அப்புறம் கிளான்காரர்களின் கொலைகள். 1870 பிப்ரவரியில், கிரஹாம் ஊரில், மரவேலை செய்து பிழைத்த கறுப்பினத் தலைவர் வயட் அவுட்லாவை, பெற்ற தாய் தடுக்கத் தடுக்க, ராத்திரி வீட்டிலிருந்து இழுத்துவந்து நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் நின்ற எல்ம் மரத்தில் தூக்கிலிட்டார்கள். மே மாதம் யான்சிவில் நீதிமன்றக் கட்டடத்தில், எதிர்க்கட்சிக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, கீழ்த்தளத்து அறை ஒன்றுக்கு ஹோல்டன் கட்சியின் மாநில செனட்டர் ஜான் ஸ்டீபன்ஸைத் தந்திரமாக வரவழைத்து, கழுத்தை நெரித்துக் குத்திக் கொன்றார்கள். கொன்றவர்களில் ஒருவர் எழுதி முத்திரையிட்டு வைத்த வாக்குமூலம், அவர் செத்த பிறகு 1935-இல்தான் பிரிக்கப்பட்டது. 65 வருடம்! இரண்டு கொலைக்கும் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

உள்ளூர் ஜூரியை நம்ப முடியாதபோது ஹோல்டன் வேறு என்ன செய்திருப்பார்? இந்தக் கொலைகள் நடந்த அலமான்ஸ், காஸ்வெல் இரண்டு கவுண்டிகளிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கலகம் என்று அறிவித்து, ஜார்ஜ் கிர்க் தலைமையில் படையை அனுப்பி, சுமார் நூறு பேரைப் பிடித்தார். பிடித்தவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தும் மறுத்ததும், கலகம் அறிவிக்காத கவுண்டியிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியரைக் கைது செய்ததும் தவறுதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஆகஸ்ட் தேர்தலில் சட்டமன்றம் எதிர்க்கட்சி கைக்குப் போனதும், விசாரணைக் கூண்டில் ஏறியது கொலைகாரர்கள் அல்ல, இவர். 1871 மார்ச் 22 அன்று நீக்கினார்கள்; மாநிலத்தில் இனி எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது என்றும் சேர்த்து.

பிற்பாடு ராலியில் தபால் அதிகாரியாக இருந்து, 1892-இல் இறந்தார். 2011-இல் அதே மாநில செனட் 48-0 என்று ஓட்டுப் போட்டு அவருக்கு மன்னிப்பு வழங்கியது. மன்னிப்பு என்ற அந்தச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது.