கொள்ளு வெந்த வாசல்

அக்டோபர் 12, ஞாயிறு

காலையிலிருந்து தூறல் விடவில்லை. கெடிலத்தில் தண்ணீர் வந்துவிட்டதாகப் பால்காரர் சொன்னார். வெளியே போக வழியில்லாததால், புனேயில் தடுப்பூசி செய்யும் சீரம் நிறுவனத்தைத் தொடங்கிய சைரஸ் பூனாவாலாவைப் பற்றிச் சேர்த்து வைத்திருந்த தாள்களை உட்கார்ந்து படித்து முடித்தேன்.

முப்பத்து மூன்று வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். புனேயில் தயாரான மருந்துக் குப்பிகள் எத்தனையோ இந்தக் கை வழியாகப் போயிருக்கின்றன. அந்த நிறுவனம் ஒரு குதிரைப் பண்ணையிலிருந்து முளைத்தது என்று இப்போதுதான் தெரிகிறது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவரின் மகளுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டாமா!

சைரஸ் பிறந்தது 1941. அப்பா சோலி பூனாவாலா 1946-இல் பந்தயக் குதிரைப் பண்ணையைத் தொடங்கியிருக்கிறார். பெரும் முதல் கேட்கும் தொழில். பெட்டைக்குதிரை பதினோரு மாதம் சுமக்கும். குட்டி பந்தயத்தில் ஓட இரண்டு வயதாவது ஆக வேண்டும். மாட்டுக்குப் போடுவதுபோல் சினை ஊசியும் கூடாது. பொலிகுதிரையோடு நேரில் சேர்த்துப் பிறந்த குட்டிக்குத்தான் வம்சப் பதிவேட்டில் இடம். அதுவரை கொள்ளும் புல்லும் கடன்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

இருபது வயதிலேயே அந்தப் பிள்ளைக்கு ஒன்று உறைத்திருக்கிறது: இந்த நாட்டில் பந்தயத்தை மட்டும் நம்பினால் பிழைப்பு நெடுநாள் ஓடாது. முதலில் கார் செய்யப் பார்த்தார். மாதிரிக்கு ஒன்றைச் செய்தும் விட்டார். விற்பனைக்குத் தயாரிக்க வேண்டிய பணத்தைக் கணக்குப் போட்டதும் கைவிட்டார். அந்தக் கைவிடல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆசைப்பட்டதற்காகக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகவில்லை.

பிறகுதான் கண் எதிரே இருந்தது கண்ணில் பட்டது. ஓடி ஓய்ந்த குதிரைகளை அவர்கள் மும்பை ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்து வந்தார்கள். அங்கே அவற்றின் ரத்தத்திலிருந்து சீரம் எடுத்தார்கள். வீரியம் நீக்கிய நஞ்சைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். அதன் உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து, அந்தப் பொருளைப் பிரித்துச் சுத்தம் செய்தால் மருந்து. குதிரை நம்மிடம் இருக்கிறது, மருந்தையும் நாமே செய்தால் என்ன என்று 1966-இல் சீரம் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் செய்தது ரண ஜன்னிக்கான (டெட்டனஸ்) மருந்து.

ரண ஜன்னி என்ற சொல்லைப் பார்த்ததும் தாளை மூடி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏ.டி.எஸ். என்ற ரண ஜன்னிச் சீரத்தைப் போட்டது நினைவுக்கு வந்தது. குதிரைச் சீரம் சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் முதலில் முன்கைத் தோலுக்குள் ஒரு பொட்டளவு ஏற்றி, பேனாவால் வட்டம் போட்டு, அரை மணி நேரம் காத்திருப்போம். தடித்துச் சிவந்தால் போடக்கூடாது. ஒவ்வாமை வந்தால் போட, பக்கத்தில் அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும்.

அக்டோபர் 17, வெள்ளி

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று.

1964. எனக்கு ஏழு வயது. அம்மாவுக்கு வீட்டிலேயே பிரசவம், ஆண் குழந்தை. அரிவாளால் கொடி அறுத்தார்கள். ஆறாம் நாள் பால் குடிக்கவில்லை. வாய் பூட்டிக்கொண்டது, உதடு குவிந்து நின்றது. சின்னச் சத்தம் கேட்டாலும் வில்லாக வளைந்தான். வாசலில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. பசித்த எங்கள் ஜட்காக் குதிரை ராணி குளம்பைத் தரையில் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் குழந்தை விறைத்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் ராணியை அவிழ்த்துக்கொண்டு கெடிலக் கரைக்குப் போய்விட்டார். ராத்திரி முழுக்க அங்கேயே நின்றார். விடியுமுன் குழந்தை போய்விட்டது.

பயிற்சியில் சேர்ந்தபோதுதான் படித்தேன்: அந்தக் கிருமி மண்ணில் இருக்கும், குதிரைச் சாணத்தில் நிறைய இருக்கும். அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அக்டோபர் 22, புதன்

எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி புதுச்சேரியிலிருந்து வந்திருந்தான். பூனாவாலா கதையைச் சொன்னேன். தட்டம்மை, கக்குவான் என்று தடுப்பூசிகள் பெருகியது, ஆப்பிரிக்காவின் மூளைக்காய்ச்சலுக்கு ஒரு டோஸ் அரை டாலருக்கும் குறைவாகக் கொடுத்தது, 2022-இல் பத்ம பூஷண். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். நோய் குதிரையிடமிருந்து வருவதும் மருந்தும் குதிரையிடமிருந்தே கிடைப்பதும் என்ற இடத்தில் என் குரல் உடைந்தது.

“அக்கா, சாணத்து விஷயம் அப்பாவுக்குத் தெரியும். குழந்தை போன பிறகு யாரோ ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் ராணியை விற்கும்வரை ஆற்றங்கரையிலேயே கட்டினார்.”

“என்னிடம் சொல்லவே இல்லையே.”

“உன்னிடம் எப்படிச் சொல்வார்? நீ அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கும் பிள்ளை.”

பிரசவத்திலும் பச்சிளங்குழந்தையிலும் ரண ஜன்னியை ஒழித்ததாக இந்தியா அங்கீகாரம் பெற்றது 2015-இல். நான் ஓய்வு பெற்றதும் அதே வருடம். அப்பா அப்போது இல்லை.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு நான்காம் மாதம். ரண ஜன்னி வராமல் தடுக்கும் டி.டி. ஊசி இரண்டாம் டோஸ் நாளை. அட்டையில் தேதியைப் பார்த்துவிட்டேன். காலை ஒன்பது மணிக்கு நானும் கூடப் போகிறேன்.