சுவிட்ச் போர்ட்டின் எண்களை வாசிக்கப் பழகுங்கள்

சிஸ்கோவின் சிசிஎன்ஏ நெட்வொர்க் சான்றிதழ் தேர்வுக்குப் படிக்கிறவர்களில் பலர் சப்நெட்டிங்கிலும் ரூட்டிங்கிலும் மூழ்கிவிடுகிறார்கள். போர்ட்டின் நிலையையும் டிராஃபிக் கணக்கையும் காட்டும் திரையை, பார்த்தால் புரிந்துவிடும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தேர்வின் (எண் 200-301) பாடத்திட்டம் மோதல்கள், பிழைகள், டூப்ளெக்ஸ், வேகப் பொருத்தமின்மை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே கேட்கிறது. ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிந்தால் அது ஃபுல் டூப்ளெக்ஸ், மாறி மாறி மட்டும் முடிந்தால் ஹாஃப் டூப்ளெக்ஸ். நான் படித்தவற்றில் வேலையில் மிக அதிகமாகக் கைகொடுப்பதும் இந்தப் பகுதிதான்.

முதலில், போர்ட்டுகளின் நிலையைப் பட்டியலிடும் 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்' கட்டளை. 'நாட்கனெக்ட்' என்றால் கேபிளையோ எதிர்முனையையோ பாருங்கள். 'டிசேபிள்ட்' என்றால் யாரோ கட்டளையிட்டு மூடியிருக்கிறார்கள். 'எர்-டிசேபிள்ட்' என்றால், போர்ட் செக்யூரிட்டி மீறல் (அனுமதியில்லாத கருவி இணைவது) போன்ற ஏதோ ஒரு காரணத்துக்காகச் சுவிட்சே மூடிவிட்டது. காரணத்தைச் சரிசெய்யாமல் திறந்தால் மறுபடியும் மூடிக்கொள்ளும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

அதே திரையில் பலர் பார்க்காத ஓரெழுத்து இருக்கிறது. 'ஏ-ஃபுல்', 'ஏ-1000' ஆகியவற்றின் முன்னால் நிற்கும் 'ஏ', அந்த மதிப்பு தானியங்கிப் பேச்சுவார்த்தையில் (இரு முனைகளும் தாமே வேகத்தையும் டூப்ளெக்ஸையும் பேசி முடிவுசெய்வது) வந்தது என்பதைக் காட்டுகிறது. 'ஏ-ஹாஃப்', 'ஏ-100' என்று சேர்ந்து வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். எதிர்முனையில் 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் அமைத்து, பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கலாம். பதில் வராத நிலையில் நம் போர்ட்டால் வேகத்தைக் கண்டுகொள்ள முடியும், டூப்ளெக்ஸைக் கண்டுகொள்ள முடியாது. ஆகவே ஹாஃபுக்கு இறங்கிவிடும்.

இந்தக் கோளாறு தந்திரமானது. இணைப்பு உயிரோடிருக்கும், பிங் போகும். பெரிய கோப்பு ஒன்றை அனுப்பும்போதுதான் எல்லாம் தவழத் தொடங்கும். 'ஷோ இன்டர்ஃபேசஸ்' கட்டளையை இரு முனைகளிலும் கொடுத்துப் பாருங்கள். ஹாஃப் பக்கத்தில் லேட் கொலிஷன், அதாவது ஃபிரேமின் (அனுப்பப்படும் தரவுப் பொட்டலத்தின்) முதல் 64 பைட்டுகள் போன பிறகு நேரும் மோதல், ஏறிக்கொண்டிருக்கும். ஃபுல் பக்கத்தில் சிஆர்சி பிழைகளும் (ஃபிரேம் சிதைந்து வந்ததைக் காட்டுபவை) 64 பைட்டுக்குக் குறைந்த ஃபிரேம்களான ரன்ட்டுகளும் ஏறும். எந்தப் பக்கத்தில் எது ஏறும் என்பதை மனப்பாடம் செய்யாதீர்கள். ஹாஃப் பக்கம் தான் அனுப்பும்போது எதிரிலிருந்து ஏதாவது வந்தால் மோதல் என்று நினைத்துப் பாதியில் நிறுத்துகிறது. அந்த அறுந்த ஃபிரேம்தான் ஃபுல் பக்கத்துக்குப் பிழையாகப் போய்ச் சேர்கிறது. இதைத் தாளில் ஒருமுறை வரைந்து பார்த்தால் மறக்காது. டூப்ளெக்ஸ் இருபுறமும் ஃபுல்லாக இருந்தும் சிஆர்சி ஏறினால் கேபிள், கனெக்டர், மின்காந்தக் குறுக்கீடு என்று தேடுங்கள்.

இங்கே 'ஏறுகிறது' என்ற சொல்லையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறேன், காரணத்தோடுதான். கவுன்ட்டர்கள் கடைசியாக அழிக்கப்பட்டதிலிருந்து கூடிக்கொண்டே வருபவை. 4,000 பிழைகள் என்பது போன வருடக் கதையாக இருக்கலாம். 'கிளியர் கவுன்ட்டர்ஸ்' கொடுத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். டிராஃபிக் வேகமும் அப்படித்தான். திரையில் வருவது வழக்கமாக ஐந்து நிமிடச் சராசரி. திடீர் நெரிசல் அதில் கரைந்துபோகும். 'லோட்-இன்டர்வல் 30' கொடுத்தால் 30 விநாடிச் சராசரி கிடைக்கும். சராசரி குறைவாக இருந்தும் அவுட்புட் டிராப் (வெளியே அனுப்ப முடியாமல் கைவிடப்பட்ட பொட்டலங்கள்) கூடினால், நொடிநேர நெரிசல் நடக்கிறது என்று ஊகிக்கலாம்.

எஸ்என்எம்பி (கருவிகளின் எண்களைத் தொலைவிலிருந்து கேட்டுப் பெறும் நெறிமுறை) மூலம் கண்காணிக்கும்போது இன்னொரு எச்சரிக்கை. 32 பிட் பைட் கவுன்ட்டர், முழு வேகத்தில் ஓடும் ஒரு கிகாபிட் போர்ட்டில் ஏறக்குறைய 34 விநாடிகளில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கேட்டு வரையும் வரைபடத்தை நம்ப முடியாது. 64 பிட் கவுன்ட்டரையே கேளுங்கள். மேலும், 'கிளியர் கவுன்ட்டர்ஸ்' எஸ்என்எம்பி தரும் எண்களைத் தொடாது. ஆகவே திரையும் வரைபடமும் வேறு வேறு கணக்கைக் காட்டினால், சுவிட்ச் பழுதென்று முடிவுகட்டும் முன் கவுன்ட்டர்கள் கடைசியாக எப்போது அழிக்கப்பட்டன என்ற வரியைப் பாருங்கள்.