போர்வை நுனி

ஜூன் 9, திங்கள்

முக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார்கள். பீடி சுற்ற ஆரம்பித்து நாற்பது வருடமாகிறதாம். சுளகை மடியில் வைத்துக் குனிந்தே இருந்ததில் வலது தோள் காதுப்பக்கம் ஏறி நிற்கிறது. டாக்டர் தொக்கணம், அதாவது கையால் உடம்பைப் பிடித்துவிடுகிற சிகிச்சை, எழுதி என்னிடம் அனுப்பியிருந்தார். அறைக்குள் வந்தும் உட்காரவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நின்றார்கள்.

"சட்டையக் கழத்தணுமோம்மா?"

"வேண்டாம் ஆச்சி. துணிக்கு மேலயே அமுக்கி விடுதேன்."

சித்த மருத்துவத்தில் தொக்கணம் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். நான் செய்து பார்த்தவரை அழுத்தலும் பிடித்தலும் அசைத்தலும் பருத்தித் துணிக்கு மேலேயே நன்றாக வரும். வாத கேசரி தைலம் இன்று அலமாரியிலேயே இருந்துகொள்ளட்டும்.

குப்புறப் படுத்ததும் போர்வையைக் கழுத்துவரை போர்த்தி, நுனியை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். கத்தரி பிடித்துப் பிடித்து விரலெல்லாம் காய்ப்பு. அந்த விரலால் நுனியை முறுக்கிப் பிடித்தவர்கள் கடைசிவரை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. தோள் மட்டும் ஒரு விரற்கடை இறங்கியது.

ஜூன் 12, வியாழன்

வேலைக்குப் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்திருக்கிறாள். கை நல்ல கை. ஆனால் துணியைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை போல. வீட்டிலிருந்து நாலு முழ வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து, "இது போதுமாக்கா?" என்றாள். கிண்ணத்திலிருந்து கொஞ்சம் எண்ணெயைத் தொட்டு வேட்டியில் தடவி என் கையில் விரித்துக் காட்டினேன். கைரேகை தெரிந்தது. மெல்லிய வெள்ளைத் துணியில் எண்ணெய் பட்டால் அவ்வளவுதான், போர்த்தியும் போர்த்தாத கணக்கு. கெட்டியான, அடர் நிறத்துப் போர்வைதான் வேண்டும்.

அப்புறம் அவளையே படுக்கச் சொல்லி ஒவ்வொன்றாகக் காட்டினேன். வந்தவர் உடை மாற்றும்போது நாம் அறைக்குள் இருக்கக் கூடாது. திரும்பி வரும்போது, "வரலாமா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் கதவைத் தொட வேண்டும். காலுக்குச் செய்யும்போது அந்த ஒரு காலை மட்டும் பாதித் தொடைவரை திறந்து, போர்வை ஓரத்தைத் தொடைக்கு அடியில் சொருகிவிட வேண்டும். காலைத் தூக்கினாலும் மடக்கினாலும் துணி நகராது. முடிந்ததும் அந்தக் காலை மூடிவிட்டுத்தான் அடுத்த கால். வயிற்றுக்கு என்றால் முதலில் போர்வைக்கு மேலேயே மார்பில் ஒரு துண்டை விரித்து, பிறகு துண்டுக்கு அடியிலிருந்து போர்வையை மெல்ல இடுப்புவரை உருவ வேண்டும். மூடியது நிலைத்த பிறகே திறப்பது. பிள்ளை பெற்றவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

புரட்டுவதுதான் அவளுக்குச் சிரமமாக இருந்தது. நம் பக்கத்து ஓரத்தைத் தொடையால் மேசையோடு அழுத்திக்கொண்டு, எதிர்ப்பக்கத்து ஓரத்தை இரண்டு கையாலும் பந்தல் மாதிரி தூக்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். உள்ளே ஆள் மட்டும் புரள வேண்டும், துணி புரளக் கூடாது. இடத்தை மாற்றிக்கொண்டு அவள் தூக்கிப் பிடித்தபோது முதல் தடவை நான் பாயில் சுருட்டிய மாதிரி ஆகிவிட்டேன். நாலாவது தடவை சரியாக வந்தது.

எண்ணெய் தேய்த்த உடம்பு சீக்கிரம் குளிரும், அதற்காகவும்தான் மூடுகிறோம் என்று சொன்னேன். அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

இதை எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நான் தொழில் பழகிய இடத்தில் ஒருநாள் முதுகுக்குச் செய்துகாட்ட என்னைப் படுக்கச் சொன்னார்கள். எனக்கு அப்போது இருபது வயது. சுற்றிலும் இருபது பேர் நின்றிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் போர்வையை இடுப்புவரை உருவினார்கள். சொல்லிக் கொடுத்தவர் கெட்டவர் இல்லை. கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அன்று என்ன சொல்லிக் கொடுத்தார் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. கால் கட்டைவிரல் இரண்டும் விறைத்து மடங்கிப்போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இப்போதும் யாரைத் தொடுவதற்கு முன்னாலும் அவர்கள் கால்விரலை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

ஜூன் 22, ஞாயிறு

குடும்பத்தோடு குற்றாலம். சாரல் நன்றாக விழுந்தது. முன்பெல்லாம் அருவிக்கரையில் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். இடுப்பில் ஒரு துண்டோ ஜட்டியோதான். நூறு பேர் நடந்து போகும் வழி, யாருக்கும் கூச்சம் இருக்காது. பெண்களுக்கு அப்படி ஓர் இடம் அன்றும் கிடையாது. சேலையோடும் நைட்டியோடும் நனைந்து திரும்புவதோடு சரி.

எங்கள் இடத்தில் ஆண்களுக்குச் செய்கிற அண்ணாச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. அருவிக்கரையில் வெட்டவெளியில் கிடந்த ஆளே நாலு சுவருக்குள் வந்ததும் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாராம். எனக்கு அது வியப்பாக இல்லை. அங்கே எல்லாரும் ஒரே கோலம். இங்கே ஒருவர் முழு உடையில் நிற்கிறார், இன்னொருவர் படுத்துக் கிடக்கிறார். ஆணுக்கும் போர்வை வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

அம்மாவோடு போனில் பேசியபோது அவர்கள் வழி முன்னோரைப் பற்றிப் பேச்சு வந்தது. குமரிப் பக்கத்தவர்கள். திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்றிருந்த காலம். மார்பை மூடுகிற தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859 ஜூலையில்தான் அரசாணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. எதை மூட வேண்டும், எப்படி மூட வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். இரவு போர்வைகளை மடித்து வைக்கும்போது அந்தப் பெண்கள் ஞாபகமாகவே இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

ஆச்சிக்கு இது மூன்றாவது தடவை. ஒயர் கூடையிலிருந்து மடித்த பழைய நூல்சேலை ஒன்றை எடுத்து என் கையில் தந்தார்கள். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன துணி.

"உன் போர்வ சாக்கு கணக்கா குத்துது. இது எங்க அம்மைக்குள்ள சேல. இதப் போத்து."

குத்துகிறது என்று இத்தனை வருடத்தில் யாருமே என்னிடம் சொன்னதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. கெட்டியாக இருக்கிறதா என்று மட்டுமே பார்த்து வாங்கியிருக்கிறேன்.

"எண்ணெ பட்டா போகாதே ஆச்சி."

"பட்டாப் பட்டுட்டுப் போவுது. இன்னைக்கு எண்ணெயே போடேன். கழுத்துக்கு மட்டும்."

சேலையை இரண்டாக மடித்துப் போர்த்தி, நுனியைக் கையில் கொடுத்துவிட்டு, தைலத்தைச் சுடவைத்தேன். கழுத்துக்கு மட்டும் போட்டேன்.